பெயிண்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி பைப்பை வெட்டிப் பாருங்க

நம்ம கிளப் ஷெட்டில் நிற்கும் பக்கியை சிம்போசியத்துக்குள் ரெடி பண்ணணும் என்று வாட்ஸ்அப் குரூப்பில் இரண்டு வாரமாகப் பேச்சு ஓடுகிறது. (வீட்டில் 'பக்கி' என்று சொன்னால் "யாரைத் திட்டுற?" என்று கேட்கிறார்கள். அது வேற பக்கி.) லிஸ்ட்டும் வந்தாச்சு: புது பெயிண்ட், முன்னாடி இரண்டு டயர், எல்இடி பார், ஸ்பான்சர் ஸ்டிக்கர். கடைசி வரியில் 'வெல்டிங் டச்-அப்'.

அந்தக் கடைசி வரியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த வண்டியின் கூண்டை வெட்டிப் பார்க்காமல், பெல்ட்டை மாற்றாமல், ஒரு ஆளைக்கூட அதில் உட்கார வைத்து ஓட்டக் கூடாது. சிம்போசியத்துக்கு வண்டி ஓடலைன்னா ஓடலை, அவ்வளவுதான்.

மற்ற டிபார்ட்மென்ட் மக்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. பக்கி என்றால் கதவு, கண்ணாடி எதுவும் இல்லாமல், இரும்புக் குழாய்களை வளைத்து ஒட்டிய கூண்டுக்குள் ஒரு சீட், முதுகுக்குப் பின்னால் இன்ஜின், நாலு முரட்டு டயர். மணல், சேறு, மேடு பள்ளத்துக்கான வண்டி. 1964-ல் கலிஃபோர்னியாவில் புரூஸ் மேயர்ஸ் என்பவர் ஃபோக்ஸ்வேகன் பீட்டில் பாகங்களோடு ஃபைபர் கிளாஸ் பாடியைச் சேர்த்துச் செய்த 'மேயர்ஸ் மேங்ஸ்' தான் இந்த வகையை உலகம் முழுக்கப் பிரபலமாக்கியது. 1976-ல் சவுத் கரோலினா பல்கலைக்கழகத்தில், மாணவர்களே கட்டிய பக்கிகளுக்கான போட்டி ஆரம்பித்தது. அதுதான் பாஹா எஸ்ஏஇ. இந்தியாவில் 2007 முதல், இந்தூர் பக்கத்தில் பிதாம்பூரில். நம்ம வண்டியும் அந்தப் போட்டிக்காக சீனியர்ஸ் கட்டியதுதான்.

அந்தப் போட்டியில் வண்டியை ஓட விடுவதற்கு முன்னால் டெக்னிக்கல் இன்ஸ்பெக்ஷன் உண்டு. டேப்போடு வந்து ஒவ்வொன்றாக அளப்பார்கள். டிரைவர் ஹெல்மெட்டுக்கும் கூண்டுக்கும் நடுவே ஆறு அங்குலம், அதாவது 152 மிமீ இடைவெளி இருக்கணும். பிரேக்கை மிதித்தால் நாலு சக்கரமும் லாக் ஆகணும். இன்ஜினை நிறுத்த உள்ளே ஒரு கில் ஸ்விட்ச், வெளியே ஒரு கில் ஸ்விட்ச். பெல்ட் போட்டு உட்கார்ந்த டிரைவர் 5 செகண்டில் வெளியே வந்து நிற்கணும். வெல்டிங்குக்குத் தனியாக ஒரு சாம்பிள் ஒட்டி, அதை வெட்டியும் இழுத்தும் பார்த்து, ஒட்டு பிடித்திருக்கிறதா என்று காட்டணும். நம்ம சீனியர்ஸ் இதையெல்லாம் தாண்டினார்கள். அதில் எனக்கு மரியாதை உண்டு. அந்த பாஸ் ஸ்டிக்கர் இன்னும் வண்டியில் ஒட்டியிருக்கிறது.

பிரச்சினையே அந்த ஸ்டிக்கர்தான். "இன்ஸ்பெக்ஷன் பாஸ் ஆன வண்டி மச்சான்" என்று அதைக் காட்டித்தான் வாயை அடைக்கிறார்கள். அந்த ஸ்டிக்கர் அந்த ஒரு நாளைக்குத்தான் சாட்சி. அதற்கப்புறம் வண்டி எண்டூரன்ஸ் ரேஸில் அடி வாங்கியது, ஒரு முறை குட்டிக்கரணம் போட்டது, திரும்பி வந்து ஷெட்டில் கிடந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பேசின் பிரிட்ஜுக்கும் வியாசர்பாடிக்கும் நடுவில் இருக்கும் பாலத்தில் தண்ணீர் ஏறி ரயிலே நின்றது. நம்ம ஷெட் மட்டும் என்ன மலை மேலயா இருக்கு? வண்டியின் அடிப்பக்கக் குழாய்கள் முழுக்கத் தண்ணீரில் நின்றன. தண்ணீர் வடிந்ததும் ஹோஸ் பைப்பால் கழுவி, துணியால் துடைத்து வைத்தாயிற்று. குழாய்க்கு உள்ளே யார் துடைத்தது?

இந்த ஊர்க் காற்று தெரியுமில்லையா. ராயபுரத்தில் பால்கனி கம்பி எத்தனை வருஷம் தாங்கும் என்று அங்கே இருப்பவர்களைக் கேளுங்கள். காசிமேடு பக்கம் நிறுத்தி வைத்த பைக்கின் ஸ்போக்கைப் பாருங்கள். கடலிலிருந்து வரும் உப்பு இரும்பின் மேல் ஒரு ஈரப் படலமாகவே உட்கார்ந்துவிடுகிறது. வெளியே துரு பிடித்தால் கண்ணுக்குத் தெரியும், சுரண்டிவிடலாம். போல்ட் ஓட்டை, சரியாக மூடாத குழாய் முனை வழியாக உள்ளே போன தண்ணீர் உள்ளிருந்து அரிப்பது தெரியாது. அதுவும் வளைவின் அடியில், எந்த இடம் தாழ்வோ அங்கேயே தேங்கி நின்று அரிக்கும்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. மெக்கானிக்கல் ஆட்கள் சரிபார்த்துக்கொள்ளலாம். பாஹா ரூல் புக்கின் அடிப்படைக் குழாய் 25.4 மிமீ விட்டம், 3 மிமீ தடிமன். எடை குறைக்க நினைக்கும் டீம்கள் பெரிய விட்டம், மெல்லிய சுவர் என்று போவார்கள், உதாரணத்துக்கு 31.75 மிமீ விட்டம், 1.65 மிமீ தடிமன். முதல் குழாய் மீட்டருக்கு 1.66 கிலோ, இரண்டாவது 1.22 கிலோ. எடை கால்வாசி குறைகிறது, ஆனால் வளைவை எதிர்க்கும் விறைப்பு 30 சதவீதத்துக்கு மேல் கூடுகிறது. பேப்பரில் பிரமாதமான டிசைன், நம்ம வண்டியும் இந்த ரகம்தான். இப்போ இரண்டிலும் அரை மிமீ துரு தின்றுவிட்டது என்று வையுங்கள். 3 மிமீ குழாய் தன் சுவரில் ஆறில் ஒரு பங்கை இழக்கும். 1.65 மிமீ குழாய் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கை இழக்கும். மெல்லிய குழாய் போட்டது தப்பில்லை. போட்டியில் மூன்று நாள் ஓடுவதற்காகப் போட்ட குழாயை, துறைமுகக் காற்றில் மூன்று வருஷம் வைத்துவிட்டு அதே பலம் இருக்கும் என்று நம்புவதுதான் தப்பு.

பேசின் பிரிட்ஜ் பக்கம் பட்டறை வைத்திருக்கும் வெல்டர் அண்ணன் ஒருவரை ஷெட்டுக்குக் கூட்டி வந்தோம், அந்த 'டச்-அப்'புக்காக. அவர் கேட்ட முதல் கேள்வி: "இன்னா பைப்பு தம்பி இது?" எங்களில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. சாதா மைல்ட் ஸ்டீலா, குரோம்-மோலியா? வாங்கின பில், மில் சர்டிஃபிகேட் எல்லாம் பாஸ் அவுட் ஆன யாரோ ஒருவரின் லேப்டாப்பில் இருக்கலாம். இது சும்மா பேப்பர் விஷயம் இல்லை. குரோம்-மோலி குழாயை பட்டறையில் கிடக்கும் சாதா ராடால் ஒட்டினால், ஒட்டு பார்க்க அழகாக இருக்கும், ஆனால் ஒட்டுக்குப் பக்கத்து இரும்பு கடினமாகி விரிசல் விடும் ஆபத்து இருக்கிறது. எந்த இரும்பு என்று தெரியாமல் எந்த ராடு என்று முடிவு செய்ய முடியாது.

அப்புறம் அவர் சின்னச் சுத்தியலை எடுத்து ஒவ்வொரு குழாயாகத் தட்டிக்கொண்டே போனார். "இங்க ஒரு சவுண்டு, அங்க ஒரு சவுண்டு கேக்குது பாரு." சீட்டுக்குக் கீழே இடது பக்கக் குழாயில் சத்தம் மந்தமாக இருந்தது உண்மை. "மேல எவ்ளோ வேணா ஒட்டித் தரேன் தம்பி. கீழ இரும்பு இல்லனா நான் எது மேல ஒட்டறது?" காசு வாங்காமல் போய்விட்டார்.

அவர் ஐந்து நிமிஷத்தில் சொன்னது நம்ம அன்சிஸ் ரிப்போர்ட்டில் கிடையாது. அதில் கூண்டு முழுக்கப் பச்சை கலரில் ஜொலிக்கிறது. நான் சிமுலேஷனைக் கிண்டல் பண்ணவில்லை, என் ப்ராஜெக்ட்டே அதுதான். ஆனால் குழாயின் தடிமன் எல்லா இடத்திலும் முழுசாக இருக்கு, ஒட்டு ஒவ்வொன்றும் குழாய் அளவுக்கே பலமாக இருக்கு என்று நாமே டைப் பண்ணிக் கொடுத்த பிறகு வந்த பச்சை அது. துருவை யாரும் இன்புட்டாகக் கொடுக்கவில்லை. அதே நேரம் சுத்தியல் சத்தத்தை மட்டும் நம்பியும் முடிவெடுக்க முடியாது. அது எங்கே பார்க்கணும் என்று காட்டும். எவ்வளவு தடிமன் மிச்சம் என்று சொல்ல அல்ட்ராசோனிக் மீட்டர் வேண்டும், இல்லையென்றால் 4.5 மிமீ ஓட்டை போட்டு அளக்க வேண்டும். இரண்டுமே ஒரு மதிய நேர வேலை.

சரி, என்ன செய்யலாம்? முதலில் பெயிண்ட் அடிப்பதை நிறுத்தி, இருக்கும் பெயிண்ட்டை எடுங்கள். ஒவ்வொரு ஒட்டையும் சுற்றி இரண்டு அங்குலம் வெறும் இரும்பு தெரிகிற வரைக்கும். டை பெனிட்ரன்ட் கிட் ஸ்ப்ரே டப்பாவாகவே கிடைக்கிறது: சிவப்புச் சாயம் அடித்து, துடைத்து, வெள்ளை டெவலப்பர் அடித்தால், விரிசல் இருக்கும் இடத்தில் சிவப்புக் கோடு எட்டிப் பார்க்கும். தலைமுடி அளவு விரிசல்கூடத் தெரியும். பின்பக்க வளைவில் எல்லோரும் 'பெயிண்ட் உரிஞ்சிருக்கு' என்று சொல்லும் அந்தக் கோட்டை முதலில் பாருங்கள்.

விரிசல் இருந்தால் அதன் மேலேயே இன்னொரு ஒட்டுப் போடுவதுதான் நம்ம ஊர் டச்-அப். விரிசல் அடியில் அப்படியே இருக்கும், மேலே ஒரு மூடி, அவ்வளவுதான். கூண்டின் மெயின் குழாயில் விரிசலோ துருவோ இருந்தால் அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதுக் குழாய் வைக்கணும். முட்டு முனையில் ஒட்ட வேண்டி வந்தால் உள்ளே ஒரு ஸ்லீவ் போட்டு ஒட்டணும். தலைக்கு மேலே வலது பக்கக் குழாய் லேசாக வளைந்து, யாரோ ஜாக்கி வைத்து நிமிர்த்தியிருக்கிறார்கள். பெயிண்டுக்குக் கீழே சுத்தியல் தடம் தெரிகிறது. ஒரு தடவை மடங்கி நிமிர்ந்த குழாய் அடுத்த தடவை அதே இடத்தில் சீக்கிரம் மடங்கும். ஜெம் கிளிப்பை மடக்கி நிமிர்த்திப் பார்த்த எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். அதுவும் போகணும்.

புதுக் குழாயை செம்புதாஸ் தெருவில் தேடலாம். பில்லோடும் டெஸ்ட் சர்டிஃபிகேட்டோடும் தருபவரிடம் மட்டும் வாங்குங்கள். புதுப்பேட்டைக்குப் போவதை நான் தடுக்கவில்லை. சீட் ஃபிரேம், ஸ்டியரிங் வீல், மட்கார்டு எல்லாம் அங்கே தாராளமாக வாங்கலாம். பெல்ட், பிரேக் ஹோஸ், ராட் எண்ட், போல்ட் இந்த நாலும் மட்டும் பழசு வேண்டாம். போல்ட் தலையில் 8.8 என்று பொறித்திருக்கணும். எதுவும் பொறிக்காத போல்ட்டை சஸ்பென்ஷனில் மாட்டாதீர்கள். கழற்றின நைலான் நட்டை மறுபடி மாட்டுவது நம்ம ஷெட்டின் பாரம்பரியம், அதையும் விட்டுவிடலாம்.

பெல்ட் விஷயம்தான் எனக்கு அதிகக் கவலை. கூண்டு எவ்வளவு பலமாக இருந்தாலும், டிரைவர் அதற்குள் கட்டிப் போட்ட மாதிரி இருந்தால்தான் பிரயோஜனம். இல்லாவிட்டால் கூண்டே ஆளை அடிக்கும். ஐந்து முனை பெல்ட்டில் இடுப்புப் பட்டை இடுப்பெலும்பின் மேல் கீழே இறங்கி உட்காரணும். வயிற்றின் மேல் ஏறினால் மோதலில் குடலைத்தான் பிடிக்கும். அது மேலே ஏறாமல் இழுத்துப் பிடிக்கத்தான் கால்களுக்கு நடுவே வரும் ஐந்தாவது பட்டை. அது 'அன்கம்ஃபர்ட்டபிளா இருக்கு' என்று சீட்டுக்கு அடியில் சொருகி வைத்திருப்பதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். தோள் பட்டை தோள் உயரத்திலோ கொஞ்சம் கீழேயோ பின்னால் போய் நேரான குறுக்குக் குழாயில் சுற்றிக்கொள்ளணும். நம்ம பெல்ட்டின் லேபிளில் இருக்கும் தேதி எப்போதோ முடிந்துவிட்டது. ஜன்னல் வழியாக வெயில் பட்டு சிவப்புப் பட்டை ரோஸ் கலராகிவிட்டது. வண்டி ஒரு தடவை குட்டிக்கரணம் போட்டதற்கே அதை மாற்றியிருக்கணும், ஏனென்றால் நூலிழை ஒரு முறை இழுபட்டதும் அதன் பலம் குறைந்துவிடும். கைப்பட்டை என்று ஒன்று உண்டு, கையில் கட்டி பெல்ட் லாக்கோடு இணைப்பது. வண்டி சாயும்போது கையை வெளியே ஊன்றத் தோன்றும், அது யாருக்கும் தானாக வருவது. ஊன்றிய கை மேல் வண்டி விழாமல் இருக்கத்தான் அந்தப் பட்டை. ஷெட்டில் தேடினேன், ஒன்றுதான் இருந்தது.

"அட, ஒரு ரவுண்டு தானே, ஸ்லோவாத்தானே போறோம்" என்பார்கள். அதுக்கும் கணக்கு இருக்கு. சிம்போசியத்தில் கைதட்டல் வாங்குவது நேரே போவதற்கு இல்லை, வட்டமடிப்பதற்கு. 5 மீட்டர் ஆரத்தில் மணிக்கு 25 கிமீ வேகத்தில் திரும்பினால் பக்கவாட்டு முடுக்கம் கிட்டத்தட்ட 1 ஜி. சைக்கிளில் இறக்கத்தில் போகும் வேகம்தான் அது. புல்தரை அவ்வளவு பிடிமானம் தராது, டயர் வழுக்கும், அதனால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. வழுக்கிக்கொண்டு போகும் டயர் ஒரு சாக்கடை விளிம்பிலோ, மழையில் விழுந்த பள்ளத்திலோ முட்டும்போதுதான் வண்டி கவிழும். நம்ம கிரவுண்டில் கிரிக்கெட் பிட்ச் ஓரம் அப்படி ஒரு பள்ளம் இருக்கிறது, எல்லோருக்கும் தெரியும்.

இன்னொன்று, ஓட்டுபவர் மட்டும் இல்லை. 2020 அக்டோபரில் ஹைதராபாத் பக்கத்தில் ஒரு கோ-கார்ட் மையத்தில், நம்ம வயசு பி.டெக் மாணவி ஒருவர் தலைமுடி சக்கரத்தில் சிக்கி இறந்துபோனார். அதற்கு இரண்டு வருஷம் முன்னால் ஹரியானாவின் பிஞ்சோரில் கிட்டத்தட்ட இதே மாதிரி இன்னொரு சாவு. இரண்டிலும் மோதலே இல்லை. சுற்றும் பாகம் மூடாமல் இருந்தது, அவ்வளவுதான். நம்ம பக்கியின் பெல்ட் டிரைவ் கவர் ஒரு ஸ்க்ரூவில் தொங்குகிறது. சிம்போசியத்தில் அதற்குப் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுக்கப் போகிறவர்கள் துப்பட்டாவோடும் ஐடி கார்டு கயிறோடும் வருவார்கள். எல்இடி பாருக்கு ஒதுக்கிய பணத்தில் அந்தக் கவரைப் புதுசாகச் செய்து, வண்டியைச் சுற்றி ஒரு கயிறும் கட்டலாம்.

ரோட்டுக்கு எடுத்துப் போகும் ஐடியா யாருக்காவது இருந்தால், மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 39-வது பிரிவைப் படிக்கவும். பதிவு இல்லாத வண்டியைப் பொது இடத்தில் ஓட்ட முடியாது, ஓட்டினால் இன்ஷூரன்ஸும் கிடையாது. சட்டத்தை விடுங்கள், எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரிக்குப் பக்கத்தில் இந்த வண்டியில் உட்கார்ந்தால் உங்கள் தலை அதன் சக்கர உயரத்தில் இருக்கும். லாரி டிரைவருக்கு நீங்கள் தெரியவே மாட்டீர்கள்.

நான் தினமும் பேசின் பிரிட்ஜ் ஸ்டேஷன் வழியாகத்தான் வருகிறேன். சென்ட்ரலுக்கு வந்து ஆளை இறக்கிவிட்ட ரயில்கள் இங்கே யார்டுக்கு வந்து நிற்கும். பெட்டிக்கு அடியில் பள்ளத்தில் இறங்கி பிரேக், ஸ்பிரிங், சக்கரம் எல்லாம் பார்த்த பிறகுதான் அடுத்த பயணம். ஆயிரம் கிலோமீட்டர் ஒழுங்காக ஓடி வந்த ரயில்தான் அது. "போன தடவை நல்லாத்தானே ஓடுச்சு" என்று அங்கே யாரும் விட்டுவிடுவதில்லை. எண்ணூரில் அசோக் லேலண்டும் திருவொற்றியூரில் என்ஃபீல்டும் எழுபது வருஷமாக வண்டி கட்டிய ஏரியா இது. இங்கே படித்துக்கொண்டு, ஒரு ஸ்டிக்கரை வைத்து வண்டி ஓட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

பணம் இல்லை, நேரம் இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். பெயிண்ட், டயர், எல்இடி மூன்றையும் நிறுத்தினால் குழாய்க்கும் பெல்ட்டுக்கும் பெரும்பகுதி வந்துவிடும். நேரம்தான் வராது, சிம்போசியத்துக்குள் முடியாது. அதனால் என் யோசனை இது: வண்டியை ஓட்டாமல், பெயிண்ட் எடுத்த நிலையிலேயே ஸ்டேண்டில் ஏற்றி நிறுத்துங்கள். வெட்டி எடுத்த குழாய்த் துண்டை நீளவாக்கில் பிளந்து பக்கத்து டேபிளில் வையுங்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று எல்லோரும் பார்க்கட்டும். அந்த வெல்டர் அண்ணனை முறைப்படி அழைத்து, பணம் கொடுத்து, மாணவர்கள் ஒட்டிய சாம்பிளையும் அவர் ஒட்டிய சாம்பிளையும் வைஸில் பிடித்து எல்லோர் முன்னாலும் வளைத்துப் பார்க்கலாம். வட்டமடிப்பதைவிட அதற்குக் கூட்டம் அதிகம் வரும் என்று நினைக்கிறேன்.

ஜூனியர்ஸுக்கு ஒரு வேலை. ஒரு நீளக் கோடு போட்ட நோட்டு வாங்கி, பிளாஸ்டிக் கவரில் போட்டு, சீட்டுக்குப் பின்னால் கட்டி வையுங்கள். எந்தக் குழாய், எந்த பில், எந்த ராடு, யார் ஒட்டியது, எந்தத் தேதி, பெல்ட் எப்போது முடிகிறது, எப்போது கவிழ்ந்தது எல்லாம் அதில் பேனாவால் எழுதணும், லேப்டாப்பில் இல்லை. முதல் பக்கத்தில் சீட்டுக்குக் கீழே இடது பக்கக் குழாயைப் பற்றி எழுதுங்கள். மீட்டரை லேபில் கேட்டு வாங்கித் தருவது என் பொறுப்பு, வெள்ளிக்கிழமை மதியம் ஷெட்டில் இருப்பேன்.